நீர் மாத்திரையும் ஒரு டிரைவரின் பெருவிரலும்

போன மாதம் என் ரத்தத்தையே பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டி வந்தது. பெரம்பலூரில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே ஆய்வகம்தான். ஆனால் நாற்காலியின் அந்தப் பக்கம் உட்காருவது எனக்கு இன்னும் பழகவில்லை. என் இடத்துக்கு வந்திருக்கும் கௌசல்யா கையுறையை மாட்டிக்கொண்டு, "வெறும் வயித்துலதானேக்கா வந்தீங்க?" என்றாள்.

"வெறும் வயிறுதான். ஒரு டம்ளர் காபி மட்டும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. இந்தப் பதிலைச் சொன்னவர்களையெல்லாம் வேலைக்காலம் முழுக்கத் திட்டித் திருப்பி அனுப்பியவள் நான். கௌசல்யா நல்ல பெண். திட்டவில்லை. "நாளைக்கு வாங்கக்கா" என்றாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் போனபோது புது இயந்திரத்தைக் காட்டினாள். ஒரு குழாய் ரத்தத்தை உள்ளே வைத்தால் போதும், கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் அச்சடித்துத் துப்புகிறது. "மெக்னீசியம்கூட இதுலயே வந்துருதுக்கா. ஆனா அதை யாருக்குத்தான் எழுதுவாங்கன்னே தெரியல" என்றாள்.

"ஒரு பஸ் டிரைவருக்கு எழுதினாங்க" என்றேன். அவள் கதை கேட்க ஆயத்தமானாள். பின்னால் இருந்த வரிசை ஆயத்தமாகவில்லை. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேப்பந்தட்டையிலிருந்து பஸ் ஏறித் திருச்சிக்குப் போய்ப் படித்தேன். முதலில் வாழைத்தண்டில் குத்தினோம், பிறகு ஒருவரையொருவர் குத்திக்கொண்டோம். வாழைத்தண்டு கத்தாது என்பது மட்டும்தான் வித்தியாசம். சான்றிதழ் கைக்கு வந்ததும் அரியலூருக்கு அனுப்பினார்கள்.

யூரிக் ஆசிட் எனக்குப் பரிச்சயமானது அரியலூரில்தான். கறி, ஈரல், ஆட்டுக்கால் சூப்பு எல்லாம் உடம்பில் செரித்து முடிந்தபின் மிஞ்சும் கழிவு அது. சிறுநீரில் போய்விட வேண்டும். போகாமல் தேங்கினால் ஊசி ஊசியாகப் படிந்து மூட்டில் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு ரொம்பப் பிடித்த இடம் கால் பெருவிரல். வேட்டி நுனி பட்டாலே உயிர் போகும். குலசாமிக்குக் கிடா வெட்டும் மாதம் முடிந்தால் போதும், அடுத்த வாரமே உடையார்பாளையம் பக்கத்திலிருந்து பெருவிரல்கள் வந்து இறங்கும். ஆட்கள் பின்னால் வருவார்கள்.

அப்படி வந்த ஒருவர் நல்ல நிலபுலன் உள்ளவர். விரல் தக்காளிப் பழமாட்டம் இருந்தது. பரிசோதனை முடிவோ பச்சைப்பிள்ளையின் ரத்தம் போல இருந்தது. இயந்திரத்தைச் சந்தேகித்தேன், மருந்தைச் சந்தேகித்தேன், கடைசியில் அவரை வரச்சொல்லிக் கையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் ஊசி குத்திய தடமே இல்லை.

"எனக்கு ஊசின்னா ஆவாதுங்க. அதான் தம்பிய அனுப்பிச்சேன்" என்றார் அவர், கூச்சமே இல்லாமல். "கூடப் பொறந்தவன்தானுங்களே. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தந்தானே?"

அன்றிலிருந்து ரத்தம் எடுக்குமுன் முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, தகப்பன் பெயரையும் கேட்டு, வலிக்கும் இடத்தைக் காட்டச் சொல்வது என் வழக்கமாயிற்று. ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர் வந்தது. வந்தால் வரட்டும், தப்பான ரத்தம் வராது.

பிறகு பெரம்பலூருக்கு மாற்றலாகி வந்தேன். அங்கே டாக்டர் ஹபீபுல்லா இருந்தார். ஊரார் அவரை பாய் டாக்டர் என்பார்கள். நோயாளி உள்ளே வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், முதலில் காலைப் பார்ப்பார். குரல் எழும்பாது. எதிரே இருப்பவர் குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும். அதனாலேயே அவர் அறையிலிருந்து வெளியே வருகிற எல்லோரும் கொஞ்சம் கூனலாக வருவார்கள். யாராக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கேட்பது மூன்றே கேள்வி: "என்ன சாப்ட்டீங்க? என்ன குடிச்சீங்க? என்ன மறைச்சீங்க?"

என்னை மட்டும் சிஸ்டர் என்பார்.

"நான் சிஸ்டர் இல்ல சார். லேப்."

"சரிங்க சிஸ்டர்."

இதைத் திருத்துவதை நான் சில வருடங்களுக்குப் பிறகு கைவிட்டேன்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. புதிதாக வருகிற யாராக இருந்தாலும், மறுநாள் வீட்டில் இருக்கும் மாத்திரை, தைலம், சூரணம், லேகியம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வரவேண்டும். பையை மேசையில் கவிழ்ப்பார். பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பிரிப்பார், புளியில் கொட்டை எடுப்பது போல. இது உங்களுடையது, இது பக்கத்து வீட்டுக்காரருடையது, இது செத்துப்போனவருடையது என்று மூன்று குவியல். ஒருமுறை ஒரு பையிலிருந்து மாட்டுக்குப் போடும் பூச்சி மாத்திரை உருண்டு வந்தது. அதைக் கொண்டுவந்தவர், "அது எனக்கில்லீங்க, மாட்டுக்கு" என்றார். "பாதிதாங்க இருக்கு. மீதிய யார் சாப்ட்டது?" என்றார் டாக்டர்.

நம் பக்கத்தில் கருவேப்பிலையும் மாத்திரையும் கேட்காமலே கைமாறும். அதுதான் டாக்டருடைய கவலை.

என் ஆய்வகத்துக்கு அடுத்த ஜன்னல் மருந்து கொடுக்கும் இடம். அங்கே பச்சையம்மா என்று ஒரு அம்மாள், ஒவ்வொரு மாதமும் மாதம் முடியுமுன்பே வந்து நிற்பார். இதயம் கொஞ்சம் பலவீனம், அதனால் காலில் நீர் கோத்துக்கொள்ளும். நீரைச் சிறுநீராக இறக்கிவிடும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். எல்லோரும் நீர் மாத்திரை என்பார்கள்.

"எலி தூக்கிட்டுப் போயிருச்சும்மா" என்பார் பச்சையம்மா.

"எலிக்கு எதுக்கும்மா நீர் மாத்திரை?" என்பார் மருந்துக்காரம்மா.

"அத எலியத்தான் கேக்கணும்."

இந்தப் பேச்சு எனக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம். அதற்கு மேல் நான் எதுவும் யோசிக்கவில்லை.

இனி டிரைவரின் கதை. பெயர் செல்வராசு. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலில் செருப்பு, இன்னொரு கால் வெறுங்கால், பெருவிரல் சிவந்து மின்னியது. கூடவே கண்டக்டர் முருகேசன், தோளில் பையோடு.

நடந்தது இது. அரியலூர் பஸ் நிலையத்துக்குள் வண்டியைத் திருப்பும்போது செல்வராசுவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இழுத்துக்கொண்டு விட்டன. பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டார். ஆனால் பஸ் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் சிமெண்டு லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. செய்தி முதலாளி காதுக்குப் போவதற்குள் அது வலிப்பாகிவிட்டது. வலிப்பு இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் சாவி, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பெயர் கேட்டேன், தகப்பன் பெயர் கேட்டேன், விரலையும் பார்த்தேன். ரப்பர் பட்டையைக் கையில் கட்டினேன். நரம்பு பிடிபடவில்லை. தட்டினேன், தடவினேன். திடீரென்று அவருடைய கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியது. மற்ற நான்கு விரலும் விறைப்பாக நீண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மணிக்கட்டு கீழே வளைந்தது. நாகம் படமெடுத்த மாதிரியே இருந்தது.

வரிசையில் நின்றிருந்த ஒரு அம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டார். "ஐயனே, எந்தச் சாமின்னு தெரியலியே. எம்மவனுக்கு இந்த வைகாசிக்குள்ளயாச்சும் பொண்ணு அமையுமாய்யா?"

பின்னால் இன்னும் இரண்டு பேர் கும்பிட்டார்கள். ஒருவர் சட்டைப் பையில் திருநீறு தேடினார்.

செல்வராசு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆத்தா, எனக்கு வேலை இருக்குமான்னே தெரியல, நீ வேற" என்றார்.

நான் பட்டையை அவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தாமாக இளகின. அவர் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி என்னிடம் சொன்னார்: "இந்தக் கை ஸ்டியரிங்கைத் தவிர வேற ஒண்ணும் புடிச்சதில்லக்கா. வலிப்பு இல்லன்னு எழுதிடச் சொல்லுங்க." அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு போய்விட்டது.

பாய் டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றுதான். செல்வராசுவைப் படுக்கவைத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைப் புஜத்தில் சுற்றி, நன்றாகக் காற்றடித்து, அடித்த காற்றை இறக்காமல் அப்படியே விட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முருகேசன் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். டாக்டர் ஒரு விரலைத் தூக்கினார், வாய் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கை மறுபடி படமெடுத்தது. காற்றை இறக்கினார், கை இளகியது. பிறகு காதுக்கு முன்னால் விரலால் லேசாகத் தட்டினார். உதட்டோரம் துடித்தது.

"இது வலிப்பு இல்லீங்க" என்றார். "வலிப்பு நான் கூப்ட்ட நேரத்துக்கு வராது. இது உடம்புல உப்பு குறையறது."

ரத்தத்தில் யூரிக் ஆசிட் எக்கச்சக்கம். நம்பிக்கை இல்லாமல் இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தேன். அதேதான். கால்சியம் குறைவு, பொட்டாசியம் குறைவு. மெக்னீசியம் பார்க்க அப்போது எங்களிடம் வசதியில்லை. ஒரு குழாயை ஐஸ் வைத்த பிளாஸ்கில் போட்டுத் திருச்சி பஸ்ஸில் ஆள் மூலம் அனுப்பினோம். பஸ் பாடாலூரைத் தாண்டுவதற்குள் ஐஸ் கரைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். கரையவில்லை. மெக்னீசியம் தரையைத் தொட்டிருந்தது.

டாக்டர் டிரைவருக்குப் புரியும்படி விளக்கினார். "கால்சியம், பொட்டாசியமெல்லாம் பயணிங்க மாதிரி. நான் எத்தனை பேரை ஏத்துனாலும் பின்வாசல் வழியா எறங்கிப் போயிட்டே இருப்பாங்க. மெக்னீசியம்தான் கண்டக்டர். அவர் இருந்தாத்தான் வண்டியில ஒழுங்கு இருக்கும்."

முருகேசன் காலரைச் சரிசெய்துகொண்டார். "சார் சொல்றது நூத்துக்கு நூறு சரி. கண்டக்டர் இல்லாம ஒண்ணும் நடக்காது." செல்வராசு அவரை முறைத்தார்.

மெக்னீசியம் ஏன் குறைந்தது என்பது கேள்வி. என்ன சாப்ட்டீங்க? பஸ் நிலையத்துப் பரோட்டாவும் சால்னாவும், கிடைத்தால் ஈரல் வறுவல். என்ன குடிச்சீங்க? தண்ணியே குடிப்பதில்லை, குடித்தால் வழியில் நிறுத்தவேண்டி வரும். சாராயம் பழக்கமில்லை என்று முருகேசன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். என்ன மறைச்சீங்க? "ஒண்ணுமில்ல சார்" என்று செல்வராசு பெருவிரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மறுநாள் மஞ்சள் பை வந்தது. தலைவலித் தைலம் ஒன்று. மற்றபடி பை நிறைய கேஸ் மாத்திரை. பரோட்டா தின்ற நெஞ்செரிச்சலுக்குத் தினம் ஒன்று, வருடக்கணக்காக. டாக்டர் தலையாட்டினார். அந்த மாத்திரையை வருடக்கணக்கில் போட்டாலும் மெக்னீசியம் குறையலாமாம். ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. பேனாவால் அந்த ஒரே குவியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கேஸ் மாத்திரைக்கும் யூரிக் ஆசிட்டுக்கும் தொடர்பில்லையே என்பது அவர் சந்தேகம்.

வார்டில் வைத்து நரம்பு வழியாக மெக்னீசியம் ஏற்றினார்கள். விரலுக்கும் மருந்து கொடுத்தார்கள். ஆள் தெளிந்துவிட்டார். முதலாளியிடம் காட்ட, வலிப்பு இல்லை என்று சீட்டுக் கேட்டார். டாக்டர் கொடுக்கவில்லை.

"காரணம் முழுசா தெரியாம எழுத மாட்டேங்க. நாளைக்கு ரோட்டுல கை மடங்கினா பஸ்ஸுல இருக்கறவங்களுக்கு யார் பதில் சொல்றது? ஒரு மாசம் பார்ப்போம்."

ஒரு மாதம் முடியவில்லை. செல்வராசு மறுபடி வந்தார், இந்த முறை இரண்டு காலிலும் செருப்பில்லாமல். வலது பெருவிரலோடு குதிகாலும் சேர்ந்து வீங்கியிருந்தது. நான் பட்டை கட்டவே தேவையில்லாமல் கை தானாக மடங்கி மடங்கி இளகியது. முதலாளி தற்காலிகமாகப் போட்ட ஆள் இப்போது அந்த வேலையையே நிரந்தரமாகக் கேட்கிறாராம். இந்த வாரத்துக்குள் முடிவு தெரியவேண்டும். செல்வராசு பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். வளர்ந்த மனிதர் ஒருவர் மருத்துவமனை பெஞ்சில் சத்தம் வராமல் அழுவதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் தாங்காது. தேநீர் வாங்கிக் கொடுத்தேன், வேறென்ன செய்வது.

அவர் வார்டுக்குப் போனபின் முருகேசன் என் ஜன்னலில் சாய்ந்துகொண்டு மனதைக் கொட்டினார். "ஒண்ணு சொல்றேங்க்கா, அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. கால் வீங்குற நாள்லல்லாம் வண்டி ஓட்டறது நரகம். பேரளி தாண்டி ஒரு புளியமரம் இருக்குல்ல, அங்க நிறுத்துவாரு. கொஞ்ச தூரம் போவும், மறுபடி நிறுத்துவாரு. மறுபடி. காலேஜ் பசங்க எங்க வண்டிக்கு ஒண்ணுக்கு எக்ஸ்பிரஸ்னு பேரே வச்சிட்டானுங்க."

"தண்ணியே குடிக்க மாட்டேன்னாரே?"

"அதாங்க்கா எனக்கும் புரியல. குடிக்காத தண்ணி எங்கேருந்து வருது?"

பின்னால் யாரோ இருமினார்கள். பாய் டாக்டர், கையில் தேநீர் டம்ளரோடு. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் நடை அப்படி.

"கால் வீங்குற நாள்ல மட்டுந்தானுங்களா?" என்றார்.

"ஆமாங்க சார். மத்த நாள்ல அரியலூர் வரைக்கும் அசைய மாட்டாரு."

டாக்டர் டம்ளரை என் மேசையில் வைத்தார். "அவங்க வூட்டுல வேற யாருக்காவது கால் வீக்கம் இருக்குங்களா?"

"மாமியாருக்கு இருக்கு சார். இந்த ஆஸ்பத்திரியிலதான் மாத்திரை வாங்கறாங்க. பச்சையம்மான்னு பேரு."

நான் அடுத்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். மருந்துக்காரம்மாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எலி பிடிபட்டுவிட்டது.

மறுநாள் பச்சையம்மா மஞ்சள் பையோடு வந்தார். செல்வராசுவையும் வார்டிலிருந்து டாக்டர் அறைக்கு அழைத்து வந்தார்கள். யூரிக் ஆசிட் முடிவைக் கொண்டுபோன சாக்கில் நானும் உள்ளே நின்றேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்தக் குடும்பத்தில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசும் வழக்கம் இல்லை. மரியாதை அது. பச்சையம்மாவுக்கு ஒரே மகள். அதனால் மூவரும் ஒரே வீடு. கல்யாணமான நாளிலிருந்து இவர் அவரிடமோ அவர் இவரிடமோ ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் இருந்தால் மகள் வழியாகப் பேசுவார்கள். மகள் வயலுக்குப் போயிருந்தால் மாட்டின் வழியாக. மழை வந்தால் பச்சையம்மா, "ஏ எருமை, வண்டி நனையுதுன்னு சொல்லு" என்பாராம். செல்வராசு எழுந்துபோய் வண்டியை உள்ளே தள்ளுவாராம்.

டாக்டர் அறையில் எருமை இல்லை. பச்சையம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றார். செல்வராசு கதவைப் பார்த்து உட்கார்ந்தார்.

டாக்டர் பையைக் கவிழ்த்தார். பேனாவால் நீர் மாத்திரை அட்டையைத் தனியே தள்ளினார். "இதுல நீங்க எத்தனை சாப்ட்டீங்க செல்வராசு?"

செல்வராசு கதவிடம் சொன்னார்: "கால் வீங்குச்சுங்க. வீக்கம்னா நீர்தானே. அவங்களுக்கும் அதே கால் வீக்கம், அந்த மாத்திரைய போட்டா வடியுது. நானும் ஒண்ணு போட்டேன். ஒண்ணுக்கு நல்லா போச்சு. அப்ப நீர் வடியுதுன்னுதானே அர்த்தம்? நாலு நாள்ல வீக்கமும் கொறைஞ்சுது. அடுத்த தடவை வீங்குனப்ப ரெண்டு போட்டேன்."

விரல் வீக்கம் தானாகவே சில நாளில் குறையும். அந்தப் புண்ணியம் மாத்திரைக்குப் போய்விட்டது.

"எலின்னு நெனச்சேனே டாக்டரய்யா" என்று பச்சையம்மா எழுத்துப் பலகையிடம் சொன்னார். "பொறி வாங்கியாந்து வச்சேன். வடையெல்லாம் வச்சேன்."

"வடைய நான் தொடல சார்" என்றார் செல்வராசு அவசரமாக.

"கேட்டிருந்தா குடுக்க மாட்டேனா? அவரக் கேளுங்கய்யா. எம்மவகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சார், அவங்ககிட்ட சொல்லுங்க. மாமியார்கிட்ட மாத்திரை கேட்டுத் திங்கற மருமவன் எங்க சனத்துல கெடையாது."

டாக்டர் ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்ல வாயெடுத்தார். இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாக விளக்கினார். உங்கள் காலில் இருப்பது நீர் இல்லை, யூரிக் ஆசிட். நீர் மாத்திரை போட்டால் தண்ணீர் வெளியே போகும், யூரிக் ஆசிட் உள்ளேயே தங்கிவிடும். போகிற தண்ணீர் மெக்னீசியத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போகும். விரல் வீங்கினால் மாத்திரை, மாத்திரை போட்டால் விரல் வீங்கும், கூடவே கை மடங்கும். பச்சையம்மாவின் இதயத்துக்கு அது மருந்து, உங்களுக்கு அது வினை.

"கேஸ் மாத்திரை பாதி, இது மீதிங்க" என்றார்.

பச்சையம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் மாத்திரையால எம்மவ குடும்பம் தெருவுக்கு வந்திருக்குமே ஐயா." அவர் குரல் உடைந்ததைக் கேட்டு செல்வராசு தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனால் பச்சையம்மா பருத்தி விவசாயி. அழுகை ரொம்ப நேரம் நிற்கவில்லை. "மெக்னீசியந்தானுங்களே கொறை? பருத்தி எலை செவந்தா நாங்க அடிக்கறதுதானே. வூட்டுல அரை மூட்டை கெடக்கு. ஒரு கை கரைச்சுக் குடுத்துரட்டுமா?"

"வேண்டாம்மா" என்றார் டாக்டர். அது கத்தல்தான். வராந்தாவில் போன நர்சுகள் எல்லோரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது. "அது செடிக்குங்க. இவருக்குக் குடுத்தா வயிறு போயி, பஸ் ஸ்டாண்டைக்கூடத் தாண்ட மாட்டாரு. மெக்னீசியத்தை நான் தரேன். நீங்க கீரையும் வேர்க்கடலையும் குடுங்க, போதும்."

அன்றே அவர் முதலாளிக்குச் சீட்டு எழுதினார். வலிப்பு இல்லை. காரணம் கண்டுபிடித்தாயிற்று. ரத்தத்தில் உப்புகள் சரியானதும் வண்டி ஓட்டலாம், அதுவரை வேலை அவருக்கே இருக்கட்டும். அதோடு கீழே இன்னொரு வரியும் சேர்த்தார்: இவர் நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், சிறுநீர் வந்தால் அடக்கக்கூடாது, வழியில் வண்டியை நிறுத்த இவருக்கு அனுமதி தரவும். முருகேசன் அதை வாங்கி, கோயில் பிரசாதம் போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கேஸ் மாத்திரையும் நீர் மாத்திரையும் நின்றன. ஈரல் வறுவலும் கொஞ்ச காலம் நின்றது. அடுத்தடுத்த பரிசோதனைகளில் எண்கள் ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்தன. கடைசி முடிவை நானே கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "நல்ல வேலைங்க லேப்" என்றார். வெளியே வந்து மருந்துக்காரம்மாவிடம் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். மறுநாளே மறுபடி சிஸ்டர் ஆகிவிட்டேன்.

செல்வராசு சாவியை வாங்கிய பிறகு ஒரு முகூர்த்த நாளில் நான் அரியலூருக்குப் போக வேண்டியிருந்தது. அவர் பஸ்ஸில்தான் ஏறினேன். பஸ் நிரம்பி வழிந்தது. முன் சீட்டில் பச்சையம்மா, மடியில் பெரிய தண்ணீர் பாட்டில். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். அவருக்கு அரியலூரில் வேலை ஒன்றுமில்லையாம். சும்மா வந்தாராம்.

"கண்டக்டர் தம்பி, தண்ணி குடிக்கச் சொல்லு" என்பார்.

"அண்ணே, தண்ணி குடிக்கணுமாம்" என்பார் முருகேசன்.

செல்வராசு குடிப்பார். ஊருக்கு ஊர் இது நடந்தது. எருமைக்குப் பதிலாக முருகேசன், அவ்வளவுதான்.

பேரளி தாண்டியபோது முருகேசன் பின்வாசல் பக்கம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். செல்வராசு சீட்டில் நெளிய ஆரம்பித்தார். ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி ஏற்கெனவே தாமதம். உள்ளே கல்யாணத்துக்குப் போகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். புளியமரம் தூரத்தில் தெரிந்தது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. அடக்கிக்கொண்டு போவதென்று முடிவு செய்துவிட்டார், பழையபடி.

பச்சையம்மாவுக்கும் அது புரிந்துவிட்டது. திரும்பிப் பின்னால் பார்த்தார், முருகேசன் தலை தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மரம் நெருங்கி வந்தது. அவர் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"மாப்ள" என்றார்.

செல்வராசுவின் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டது. ஆனால் கை ஸ்டியரிங்கில் நன்றாகவே இருந்தது.

"நிறுத்துங்க மாப்ள. போயிட்டு வாங்க. தாலி கட்டறதுக்குள்ள போயிடலாம், நாங்க இருக்கோம்."

பஸ் புளியமரத்தடியில் நின்றது. செல்வராசு கதவைத் திறந்தார். ரோட்டையே பார்த்தபடி, "சரிங்க அத்த" என்றார். இறங்கி, வலது காலை நன்றாக ஊன்றி நடந்து போனார். அவர் பின்னாலேயே கல்யாணக் கோஷ்டியில் ஏழெட்டு ஆண்கள் இறங்கினார்கள். அவர்களும் அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

பச்சையம்மா முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு என் காதருகே குனிந்தார். "ஏம்மா, நான் பேசிட்டனா?"

"பேசிட்டீங்கம்மா."

அவர் எதிர்ப்பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஏறிய பிறகு பின்னாலிருந்து முருகேசன் விசில் ஊதினார், பஸ் கிளம்பியது.